இந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது?



இந்த இதழின் நடுப்பக்கங்களில் தூத்துக்குடிச் சீமையின் பழைய வீடுகளைப் படங்களாகத் தந்திருக்கிறோம். எட்டயபுரத்துத் தெரு, ஒட்டப்பிடாரத்து நினைவில்லம், காயல்பட்டினத்து முடுக்கு, மணப்பாட்டு மாடி வீடுகள் என்று கரிசலில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் வரிசை அது. பார்க்கிறவர்களுக்கு நேரில் போக வேண்டும் என்ற ஆசை வரும். வரட்டும் என்றுதான் அச்சிட்டிருக்கிறோம். விடியும் முன் கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். ஒரு வண்டி வேண்டும். மனசுக்குப் பிடித்த நாலைந்து பேர் வேண்டும். ஊரும் உறவும் அறிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டும். முதல் இரண்டும் எளிதில் கிடைக்கும். மூன்றாமவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது வெறும் சுவர். அதைச் சொல்லவே இம்மாதம் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பழைய மாளிகைகளை வழிகாட்டியோடு நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளைப் பராமரித்து மக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. நம்மிடம் செட்டிநாட்டு வீடுகள் அப்படிப் பேர் வாங்கிவிட்டன. தூத்துக்குடிப் பக்கம் வருகிறவர்களோ திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டு, பனிமய மாதா கோயிலுக்குப் போய்விட்டு, மக்ரூன் பொட்டலத்தோடு ரயிலேறிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வீடுகளைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

எங்கள் ஆசிரியர் குழுவுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தோணித் தொழில் செய்த குடும்பம். ஊர் வழக்கப்படி நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். வண்டி கிளம்பியதும் அவர் ஒன்று சொன்னார்: "வீட்டுக்கு எத்தன வயசு, தூணு எத்தனைன்னு கேக்காதிய. இந்த வீட்டுக்குக் காசு எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சு, அத மட்டும் கேளுங்க. மத்ததெல்லாம் தானா வரும்." அன்று முழுவதும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தோம். அதே வரிசையில் உங்களையும் அழைத்துப் போகிறேன்.

முதலில் எட்டயபுரம். தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த வீடு இங்கே அரசு நினைவில்லமாக இருக்கிறது. திண்ணை, உள்ளே அடுத்தடுத்த கட்டுகள், படங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சிலைக்கு முன்னால் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்ணாச்சி எங்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, பாரதியைப் பற்றிப் பேசாமல் அவருடைய தந்தை சின்னசாமி ஐயரைப் பற்றிப் பேசினார்.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனில் மதிப்போடு இருந்தவர். கணக்கிலும் இயந்திரத்திலும் நாட்டம் உள்ளவர். சுற்றிலும் பருத்தி விளைகிறது. அந்தப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போய்த் துணியாகத் திரும்புகிறது. இங்கேயே ஆலை வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். யோசித்ததோடு நில்லாமல் எட்டயபுரத்தில் பருத்தி ஆலையும் தொடங்கினார். தொழில் நொடித்தது. குடும்பமும் நொடித்தது. 1898-இல் அவர் மறைந்தபோது பாரதிக்கு 16 வயது நிரம்பவில்லை. தாயை ஐந்து வயதிலேயே இழந்த பிள்ளை, அதன்பின் காசிக்குப் போகிறார். அந்நிய வணிகம் ஒரு வீட்டை எப்படிச் சாய்க்கும் என்பதைப் பாரதி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன்வரலாறாக எழுதிய கவிதையிலும் தந்தையின் வறுமையைச் சொல்லியிருக்கிறார். சுதேசியம் அவருக்குள் வந்த வாசல்களில் ஒன்று இந்த வீட்டு வாசல் என்று அண்ணாச்சி சொன்னபோது, நாங்கள் எழுந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தோம்.

அதே ஊரில் ஜமீன் அரண்மனை. தனியார் சொத்து என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, வெளியிலிருந்தே பார்த்தோம். அங்கேயும் அதே கேள்வி. காசு வந்தது கரிசல் மண்ணிலிருந்து. போனதில் ஒரு பெரும்பகுதி பாட்டுக்கும் புலமைக்கும் போயிருக்கிறது. வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய பாலுஸ்வாமி தீட்சிதர் இந்தச் சமஸ்தானத்தின் வித்வான். அவருடைய தமையன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் தீபாவளி நாளில் மறைந்தது இந்த ஊரில், சமாதியும் இங்கேதான். அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் சமஸ்தானத்து அச்சகத்தில் அச்சானது. சுர தாளக் குறிப்புகளோடு ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்தப் பெருநூலுக்கு இந்தச் சின்ன ஊரில் எழுத்துக் கோத்திருக்கிறார்கள். இன்று சென்னையில் தீட்சிதர் கிருதி பாடும் பிள்ளைகளுக்கு அதுவே ஆதாரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இங்கேதான். ஜமீன் ஆங்கிலேயர் பக்கம் நின்ற வரலாறும் உண்மை. இந்த வரலாறும் உண்மை. நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்வார்.

எட்டயபுரத்தில் இன்னொரு கட்டடம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. பாரதி மணிமண்டபம். வீடு அல்ல என்றாலும் அதைக் கடந்துபோக மனம் வரவில்லை. பாரதிக்கு அவர் பிறந்த ஊரில் நினைவுச் சின்னம் வேண்டும் என்று 1940-களில் கல்கி தம் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் தங்களால் ஆன சிறு தொகைகளை அனுப்பினார்கள். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார்; நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதம், 1947 அக்டோபரில், அவரே வந்து திறந்துவைத்தார். காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அன்று எங்களுக்குக் கிடைத்த பதில்களிலேயே மனதுக்கு மிகவும் நெருக்கமானது இது: வாசகர்களிடமிருந்து வந்தது.

அங்கிருந்து ஒட்டப்பிடாரம். வழியெல்லாம் கரிசல். மழைக்குப் பிறகு போனால் உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் பச்சை விரித்திருக்கும். கோடையில் போனால் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் இது. மேலோட்டமாக அஸ்திவாரம் போட்ட வீட்டின் சுவரைச் சில ஆண்டுகளில் பிளந்துவிடும். இந்தப் பக்கத்தில் ஒரு காரை வீடு நூறு வருஷம் நின்றிருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள்ளும் நிறையக் காசு போயிருக்கிறது என்று அர்த்தம்.

வ.உ. சிதம்பரம் பிள்ளை பிறந்தது இந்த ஊரில், 1872 செப்டம்பர் 5 அன்று. அவர் பிறந்த வீடு நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. தந்தை உலகநாத பிள்ளை வக்கீல், மகனும் வக்கீல். வருமானம் கட்சிக்காரர்களிடமிருந்து வந்தது. அது போன வழி உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய ஆங்கிலேயக் கப்பல்களோடு போட்டி போட 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று வெற்றி தேடித்தந்தார்கள். மார்ச் 12-இல் கைது. பிறகு சிறை, செக்கு. 1912-இல் அவர் வெளியே வந்தபோது சங்கமும் இல்லை, கப்பலும் இல்லை. அந்த நாட்களை ஊன்றிப் படிக்க விரும்புகிறவர்கள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலைத் தேடிப் படியுங்கள்; 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான்.

இங்கே அண்ணாச்சி இரண்டு வீடுகளுக்கும் முடிச்சுப் போட்டார். பாரதியின் தந்தையும் வ.உ.சி.யின் தந்தையும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எட்டயபுரத்து வீட்டில் பருத்தி ஆலை வைத்துத் தோற்றது தந்தை தலைமுறை. ஒட்டப்பிடாரத்து வீட்டிலிருந்து கப்பல் விடக் கிளம்பியது மகன் தலைமுறை. அந்தக் கப்பலைப் பத்திரிகையில் எழுதி ஊரெல்லாம் தெரியவைத்தவர் எட்டயபுரத்து மகன். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே போய்ப் பார்த்தால் இரண்டு பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்பு கிடைக்கும். ஒரே காலையில் அடுத்தடுத்துப் பார்த்தால், கரிசல்காட்டு இளைஞர்களுக்குக் கடல் ஏன் கண்ணில் பட்டது என்பது விளங்கும்.

ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே நீங்கள் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தள எச்சங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வீரசக்கதேவி கோயில் பக்கத்தில் இருக்கிறது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, இடிபட்ட கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினார். மே மாதம் அதையும் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். வீட்டை இடித்தால் குடியின் நினைவும் அழியும் என்பது வென்றவர்களின் கணக்கு. கதைப்பாடலாகவும் கூத்தாகவும் கும்மியாகவும் ஊர்கள் அந்தக் கணக்கைத் தப்பாக்கின. கட்டடம் இல்லாத இடத்தில்தான் சொல்கிறவரின் அருமை முழுதாகத் தெரிகிறது. அடித்தளக் கற்களைக் காட்டி, வாசல் எந்தத் திசை, பகைப்படை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வெறும் தரை பேசத் தொடங்குகிறது.

மதியச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி திரும்பினோம். ஊருக்குள் நுழையும்போதே கிரேட் காட்டன் சாலை. பெயரிலேயே பருத்தி. 1876-இல் ரயில் இங்கே வந்தபின் கரிசல் பருத்தி மூட்டை மூட்டையாகக் கடற்கரைக்கு இறங்கியது. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் அந்தப் பருத்தியை இங்கேயே நூலாக்கியது. கொழும்புக்குப் போகும் பயணிகளும் 1914 வரை, தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, இங்கிருந்துதான் கப்பலேறினார்கள். கடற்கரைச் சாலையின் பழைய கிட்டங்கிகளும் அலுவலகங்களும் அந்தக் காலத்து மிச்சம்.

பருத்திக்கு முந்திய காசு முத்து. தூத்துக்குடிக் கடலில் கரையிலிருந்து தள்ளி முத்துப் பார்கள் இருக்கின்றன. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் பங்குனி, சித்திரையில் தோணிகள் நூற்றுக்கணக்கில் கிளம்பும். குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே கயிறு பிடித்திருப்பவர் அவர் உயிரையும் சேர்த்துப் பிடித்திருப்பார். அள்ளிக்கொண்டு வந்த சிப்பியில் குளித்தவருக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று, திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்கு முத்தும் கிடைக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். பாண்டியர் முதல் போர்ச்சுக்கீசியர், 1658-இல் வந்த டச்சுக்காரர், ஆங்கிலேயர் வரை எல்லோரும் கண் வைத்த செல்வம் அது. 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. 1973-இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது.

அந்தச் செல்வத்தில் குளியாளிகளின் குடிசைக்குப் போனது சொற்பம். பரதவர் குலத்தின் ஜாதித் தலைவரான பாண்டியபதியின் வீடு பெரியது. ஆனால் முத்தின் கணக்கை அந்த வீட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது என்றார் அண்ணாச்சி. 1713-இல் கட்டப்பட்ட பனிமய மாதா கோயிலுக்கு, தஸ்நேவிஸ் மாதா என்று ஊர் அன்போடு சொல்லும் அந்த ஆலயத்துக்கு, எங்களைக் கூட்டிப் போனார். பாண்டியபதியின் முன்னெடுப்பில் செய்த பொன் தேர் 1806-இல் முதன்முதலாக ஓடியது. சில முக்கிய ஆண்டுகளில் மட்டும் ஓடும் அந்தத் தேரை 2023 ஆகஸ்டில் லட்சக்கணக்கானோர் வடம் பிடித்தார்கள். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசைத் தெருவில் எல்லோரும் சேர்ந்து இழுக்கும் தேராக மாற்றிய சமூகம் இது. தோணிக்காரர்கள், கப்பல்காரர்கள், உழைக்கும் தொழிலாளிகள் வாழ்க்கையை விரிவாகத் தெரிந்துகொள்ள ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் இருக்கிறது.

பிற்பகல் தெற்கே. தாமிரபரணியைத் தாண்டும் வழியில் கொற்கையும் பழையகாயலும். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று கடல் இல்லை. ஆறு கொண்டுவந்த மண் துறையை மூடிவிட, கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போனது. அடுத்து எழுந்த காயலை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அரபுக் குதிரைகள் வந்திறங்கும் துறையாகக் கண்டு எழுதினார். அதையும் ஆறு மூடியது. இரண்டு இடங்களிலும் கால்டுவெல் தோண்டிப் பார்த்திருக்கிறார். துறை இடம் மாறினால் வீடும் இடம் மாறும் என்பதை இங்கே மண்ணே சொல்கிறது.

காயல்பட்டினத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தெருவுக்கு இணையாக வீடுகளின் பின்பக்கம் ஒடுங்கிய முடுக்குகள் ஓடுகின்றன. அவை பெண்கள் போய்வரும் வழி. வெளியூர் ஆண்கள் அங்கே நுழையக் கூடாது. முகப்பு ஆண்களுக்கு, உள்கட்டு பெண்களுக்கு என்று நீளவாக்கில் அமைந்த வீடுகள். ரத்தினம், துணி, கடல் வணிகம் என்று கொழும்பிலும் கீழைநாடுகளிலும் ஆண்கள் சம்பாதித்த காசு இந்த வீடுகளாக நின்றது. வீடு போவது மகளுக்கு. திருமணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் ஆண்கள் கடல் கடந்து போகும் ஊரில், பெண்ணைத் தாய்வீட்டிலிருந்து பெயர்க்காமல் வைத்த ஏற்பாடு இது. அக்கா தங்கைகளின் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதற்குக் காரணம் அதுதான். இதை அந்தச் சுவர் தானாகச் சொல்லாது. எங்களோடு வந்த பெண்களை மட்டும் ஒரு வீட்டு மூதாட்டி உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். நாங்கள் வெளித்திண்ணையில் காத்திருந்தோம். அது சரியான முறை.

அதன்பின் குலசேகரன்பட்டினத்தைக் கடந்து, உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஊருக்குள் வந்தால் அகன்ற முகப்பும் தூண்களும் கொண்ட மாடி வீடுகள். இலங்கை வணிகம் செழித்த காலத்தில் எழுந்தவை. இன்று பலவற்றின் கதவில் பூட்டு. இலங்கை 1948-இல் விடுதலை பெற்றபின் வந்த குடியுரிமைச் சட்டங்களும் வணிகக் கட்டுப்பாடுகளும் அந்த வரத்தை அடைத்தன. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் பூட்டுகள் திறக்கும்; பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும்; மறுவாரம் மறுபடி பூட்டு. ஊரில் இருப்பவர்களில் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து கூட்டுறவுச் சங்கம் வழியே விற்கிறார்கள். நம்மால் முடிந்ததை அவர்களிடம் வாங்கலாம்.

இந்த வீடுகளுக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கடற்கரை வீடுகளைக் கடலே தந்த பொருட்களால் கட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைக்கல், கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, மேலே தேக்கு உத்திரம். அந்தப் பாறையை வெட்டியதற்கு வளைகுடா பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1986-இல் 21 தீவுகளோடு அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, இன்று அந்தக் கல்லைத் தொடக் கூடாது. ஆனால் ஏற்கெனவே எழுந்த சுவரைக் காப்பது நம் கையில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். விரிசல் விட்டதும் அவசரத்தில் மேலே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைக்கிறது. உப்பு சுவருக்குள் பூத்துக் கல்லை அரிக்கிறது. கொஞ்ச காலத்தில் பூச்சு பாளமாக விழுகிறது. வீடு பழசாகிவிட்டது, இடித்துவிடலாம் என்கிறார்கள். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால் கைவேலையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.

இடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பங்காளிகள், ஒழுகும் கூரை, பராமரிக்க ஆளில்லாத முதியவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் சில குடும்பங்களாவது யோசிக்கும். செட்டிநாட்டில் அப்படிப் பிழைத்த வீடுகள் உண்டு. முற்றத்தைத் திறந்துவிட்டு, மதியச் சாப்பாடு போட்டு, அதில் வரும் வருமானத்தில் கூரையைச் செப்பனிட்ட குடும்பங்கள் உண்டு. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் அது நடக்க முடியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். குலசை தசராவும் திருச்செந்தூர் சூரசம்ஹாரமும் நடக்கும் நாட்களில் சாலை நிரம்பி வழியும். அப்போது வீடு பார்க்கப் போகாதீர்கள். அரசு நினைவில்லங்களுக்கு விடுமுறை நாள் உண்டு; கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடியிருக்கும் வீட்டின் முன் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காயல்பட்டினத்தில் பெண்களைப் படமெடுக்கவே வேண்டாம். பூட்டிய வீட்டின் சுவரேறிப் பார்க்க வேண்டாம். மிக முக்கியமாக, வழிகாட்டிக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். காருக்கும் ஓட்டலுக்கும் யோசிக்காமல் செலவழிக்கும் நாம், ஊரின் நினைவைச் சுமந்து நடக்கிறவருக்குக் கொடுக்கும்போது மட்டும் கை சுருங்குகிறோம். நாற்பது வருஷம் ஒரு ஊரில் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது. அதற்குக் கூலி கிடைத்தால்தான் அடுத்து ஒரு இளைஞர் அந்த வேலைக்கு வருவார். தூத்துக்குடிக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் வார இறுதியில் இதைத் தொழிலாகவே செய்யலாம். பேராசிரியர்கள் ஊக்கப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அண்ணாச்சியின் கேள்வியை உங்கள் வீட்டிலும் கேளுங்கள். ஓட்டு வீடோ மச்சு வீடோ, நின்றிருக்கிறதோ விற்றாகிவிட்டதோ, உங்கள் பூர்வீக வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ரங்கூனா, கொழும்பா, மில் கூலியா, நகையை அடகு வைத்த பணமா? போனது படிப்புக்கா, கல்யாணத்துக்கா, வழக்குக்கா, ஊர்க் கோயிலுக்கா? சொல்லும்போதே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, வீட்டின் படம் இருந்தால் இணைத்து எங்களுக்கு அனுப்புங்கள். பங்காளிகள் மனம் நோகும் செய்தி இருந்தால் பெயரை விட்டுவிடுங்கள்; கணக்கை விடாதீர்கள். அடுத்த இதழ் முதல் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டை வெளியிடுவோம். எந்த வட்டாரத்திலிருந்து கடிதங்கள் கூடுதலாக வருகின்றனவோ அந்த வட்டாரத்துக்கு இதுபோல ஒரு நாள் பயண வரிசையை, அந்த ஊர் வழிகாட்டிகளோடு சேர்ந்து நாங்களே வகுத்து அச்சிடுகிறோம். பத்திரிகை வாசகர்கள் சேர்ந்தால் ஒரு மண்டபமே எழும் என்று எட்டயபுரத்தில் நம் முன்னோர் காட்டியிருக்கிறார்கள். நாம் எழுப்ப வேண்டியது கட்டடம்கூட இல்லை. இருக்கும் வீடுகளின் கணக்கை எழுதிவைத்தால் போதும்.

உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்